ஹெட்நோட்டை நம்பாதீர்கள்: சட்ட ஆய்விதழுக்கு எழுதுவோர் கேள்வி – பதில்

சட்ட ஆய்விதழ்களுக்குக் கட்டுரை அனுப்புவது பற்றி மாணவர்களும் இளம் வழக்கறிஞர்களும் விரிவுரையாளர்களும் கேட்டவை இவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டோம். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களும் சட்டப் பள்ளிகளும் நடத்தும் ஆங்கில ஆய்விதழ்களை மனத்தில் வைத்துத்தான் பதில் சொல்லியிருக்கிறோம்.

சட்டக் கல்லூரி நான்காம் ஆண்டு மாணவி, மதுரை: 'மின்னணுச் சாட்சியம் – ஒரு பார்வை' என்று செமினாருக்கு எழுதினேன். வகுப்பிலேயே அதிக மதிப்பெண். அதையே இரண்டு ஆய்விதழ்களுக்கு அனுப்பினேன். இரண்டும் காரணம் சொல்லாமல் திருப்பிவிட்டன. ஆங்கிலம் சரியில்லையோ?

ஆங்கிலத்தைப் பழிக்காதீர்கள், குறை தலைப்பிலேயே தெரிகிறது. 'ஒரு பார்வை', 'ஓர் ஆய்வு' என்று முடிகிற தலைப்பைப் பார்த்ததுமே உள்ளே என்ன இருக்கும் என்று ஆசிரியர் குழுவுக்குத் தெரிந்துவிடும். வரலாறு நாலு பக்கம், பிரிவுகளின் விளக்கம் ஐந்து பக்கம், தீர்ப்புச் சுருக்கங்கள் எட்டுப் பக்கம், கடைசியில் 'அரசு விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்'. நீங்கள் படித்தீர்களா என்று பார்ப்பதற்குத்தான் செமினார். அதனால் அங்கே மதிப்பெண் கிடைத்தது. ஆய்விதழ் படிப்பவர்கள் எல்லாரும் இதை ஏற்கெனவே படித்தவர்கள். அவர்களில் ஒருவராவது மறுத்துப் பேசக்கூடிய ஒரு விஷயத்தை நீங்கள் சொல்கிறீர்களா என்பதைத்தான் அங்கே பார்ப்பார்கள்.

உங்கள் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவில், மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்யச் சான்றிதழ் கட்டாயம் என்றது 2014-இல் வந்த அன்வர் தீர்ப்பு. 2018-இல் ஷாஃபி முகமது தீர்ப்பு அதைத் தளர்த்தியது. 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு மறுபடி கட்டாயம் என்றது. இந்தக் கதையை எல்லாப் பாடநூலும் சொல்லியாயிற்று. இப்போது அந்த இடத்தில் இருப்பது பாரதிய சாக்ஷிய அதினியம், 2023-இன் 63-ஆம் பிரிவு. அதன் 4-ஆம் உட்பிரிவுப்படி, கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவரோடு 'நிபுணர்' ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அட்டவணையில் உள்ள படிவம் ஏ, பி என்று இரண்டு பகுதி; பி பகுதி நிபுணருக்கு. ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு) எழுத வேண்டும். யார் அந்த நிபுணர்? 39(2) பிரிவு பேசும் மின்னணுச் சாட்சிய ஆய்வாளர் மட்டும்தானா, கணினி அறிந்த எவரும் போதுமா? வாட்ஸ்அப் உரையாடலைத் தாக்கல் செய்ய முன்சீப் கோர்ட்டுக்கு வரும் கட்சிக்காரர் அவரை எங்கே போய்த் தேடுவார்?

'பி பகுதியில் 39(2)-இன் ஆய்வாளர்தான் கையெழுத்திட வேண்டும் என்று படிப்பது தவறு. பிரிவின் சொற்களும் நோக்கமும் அதை ஆதரிக்கவில்லை.' இது வாதம். இதற்கு எதிராக ஒருவர் பத்துப் பக்கம் எழுதலாம், எழுதட்டும். உங்கள் கட்டுரையின் கருத்தை ஒரே வாக்கியமாக எழுதி, கடைசியில் 'இல்லை' என்று மாற்றிப் பாருங்கள். மாற்றிய வாக்கியத்தைச் சொல்ல உலகத்தில் யாருமே இருக்க மாட்டார்கள் என்றால் உங்களிடம் வாதம் இல்லை, தகவல்தான் இருக்கிறது.

வாதம் கிடைத்த பிறகு செய்ய வேண்டியவை: அதை முதல் 500 சொற்களுக்குள் சொல்லிவிடுங்கள். வரலாற்றை 600 சொற்களுக்குள் அடக்குங்கள். வாதத்துக்குத் தேவைப்படாத தீர்ப்பு எவ்வளவு புகழ்பெற்றதானாலும் வெளியே போகட்டும். ஹெய்ன்ஆன்லைன், எஸ்.சி.சி. ஆன்லைன், மனுபாத்ரா, கூகுள் ஸ்காலர் என்ற நான்கு இணையத் தளங்களிலும் தேடி, இதே கேள்வியை முன்பு யார் எடுத்தார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்று ஒரு பத்தி எழுதுங்கள். அந்தப் பத்தி இல்லாத கட்டுரையை அரை மணி நேரத்தில் ஒதுக்கிவிடுவார்கள். எதிர்வாதத்தில் வலுவானதை நீங்களே எடுத்து வைத்துப் பதில் சொல்லுங்கள். இளைத்த எதிரியை அடித்து வீழ்த்துவதைப் பார்த்து எந்த மதிப்பீட்டாளரும் கைதட்ட மாட்டார்.

வாசகர், கோயம்புத்தூர்: எத்தனை சொற்கள் இருக்க வேண்டும்? முதன்முறை எழுதுபவர் எந்த வகையில் தொடங்கலாம்?

இதழுக்கு இதழ் மாறும். பொதுவாக நீண்ட கட்டுரை 6,000 முதல் 10,000 சொற்கள், குறுங்கட்டுரை 3,000 முதல் 5,000, கேஸ் கமென்ட் 2,000 முதல் 4,000, நூல் மதிப்புரை 1,500 முதல் 2,500. அடிக்குறிப்பைச் சேர்த்து எண்ணுகிறார்களா என்று விதியில் பாருங்கள். எம்.எஸ். வேர்டில் சொல் எண்ணிக்கைப் பெட்டியில் அடிக்குறிப்பைச் சேர்க்க ஒரு டிக் இருக்கிறது; அதை மறந்தவர்கள்தான் 2,000 சொல் கூடுதலாக அனுப்பி முதல் வடிகட்டலிலேயே விழுகிறார்கள்.

தொடக்கத்துக்கு கேஸ் கமென்ட் நல்லது. ஒரு தீர்ப்பு, அதில் ஒரு தவறு அல்லது ஒரு விடுபடல், அவ்வளவுதான். வழக்கின் சங்கதிகள் ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தீர்ப்பு வந்து ஆறு மாதத்துக்குள் அனுப்பினால்தான் மதிப்பு.

இளம் வழக்கறிஞர், திருநெல்வேலி: ஒரே தீர்ப்புக்கு எஸ்.சி.சி., ஏ.ஐ.ஆர். என்ற தீர்ப்புத் தொகுப்புகளின் எண், நீதிமன்றமே தரும் ஐ.என்.எஸ்.சி. எண் என்று மூன்று சைட்டேஷன் (தீர்ப்பைத் தேடி எடுக்க உதவும் குறிப்பு). எதைப் போடுவது? தீர்ப்புக்கு மேலே அச்சிடும் ஹெட்நோட்டில் அழகாகச் சுருக்கியிருக்கிறார்களே, அதையே மேற்கோளாகப் போடு என்கிறார் சீனியர்.

சீனியரிடம் நாங்கள் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், ஆனால் ஹெட்நோட்டை எடுக்காதீர்கள். அது தீர்ப்பின் பகுதியே அல்ல. தீர்ப்புத் தொகுப்பை வெளியிடும் நிறுவனத்தில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் எழுதுவது. நீதிபதி 'இந்த வழக்கின் சங்கதிகளில்' என்று கட்டிப்போட்டுச் சொன்னது ஹெட்நோட்டில் பொது விதியாக விரிந்திருக்கும். போகிற போக்கில் சொன்ன இடைக்கருத்தும் தீர்ப்பின் அடிப்படையும் அங்கே ஒரே தட்டில் வந்து உட்கார்ந்திருக்கும். பதிப்புரிமைச் சிக்கலும் உண்டு. ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோதக் வழக்கில், (2008) 1 எஸ்.சி.சி. 1, தீர்ப்பின் மூல வாசகம் பொதுச்சொத்து. ஆனால் அதைப் பத்தி பிரித்து எண் கொடுப்பது போன்ற சில பதிப்பு வேலைகளுக்குப் பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அந்தப் பத்தி எண்தான் உங்கள் கேள்விக்கும் விடை. பழைய தீர்ப்புகளில் எஸ்.சி.சி. போட்ட பத்தி எண்ணும் ஏ.ஐ.ஆர். போட்ட எண்ணும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிரதியின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பலர் செய்வது என்ன? இணையப் பிரதியைப் படித்து, அதில் உள்ள பத்தி எண்ணை எடுத்து, எஸ்.சி.சி. சைட்டேஷனோடு ஒட்டுகிறார்கள். சரிபார்க்கும் மாணவர் எஸ்.சி.சி.யைத் திறந்து அந்தப் பத்தியைப் பார்த்தால் அங்கே வேறு ஏதோ இருக்கிறது. இப்படி மூன்று அடிக்குறிப்பு மாட்டினால் மீதி நூற்றைம்பதையும் யாரும் நம்ப மாட்டார்கள். எந்தத் தொகுப்பின் சைட்டேஷனோ அதே தொகுப்பைத் திறந்து அந்தப் பத்தியைக் கண்ணால் பார்த்த பிறகே எண் போடுங்கள். சந்தா இல்லாதவர்களுக்கு உச்ச நீதிமன்றமே 2023 ஜனவரியில் தொடங்கிய இ-எஸ்.சி.ஆர். தளம் இருக்கிறது, காசு கிடையாது. அதே ஆண்டு நீதிமன்றம் தந்த நடுநிலை சைட்டேஷனையும் (2023 ஐ.என்.எஸ்.சி. என்று ஆண்டோடு தொடங்குவது) சேர்த்துப் போட்டால் எந்தத் தொகுப்பு வைத்திருப்பவரும் தீர்ப்பைக் கண்டுபிடிக்கலாம்.

'நீதிமன்றம் கூறியது' என்று எழுதும்போதும் கவனம் வேண்டும். கேசவானந்த பாரதி வழக்கில், (1973) 4 எஸ்.சி.சி. 225, உட்கார்ந்தவர்கள் 13 நீதிபதிகள், தனித்தனியாக வந்த தீர்ப்புரைகள் 11, முடிவு 7-க்கு 6. நீங்கள் மேற்கோள் காட்டும் வரி யாருடையது, அவர் பெரும்பான்மையில் இருந்தவரா, சிறுபான்மையில் இருந்தவரா? அடிக்குறிப்பில் நீதிபதி பெயர் இல்லையென்றால் அந்த மேற்கோள் அரைகுறை.

அடிக்குறிப்பின் வடிவத்துக்கு இதழ் எந்த மேற்கோள் முறையைக் கேட்கிறதோ அதுதான். ஹார்வர்ட், யேல், கொலம்பியா, பென்சில்வேனியா சட்ட இதழ்கள் சேர்ந்து தொகுக்கும் புளூபுக்கைச் சில இதழ்கள் கேட்கும். ஆக்ஸ்ஃபர்டின் ஆஸ்கோலாவைச் சில கேட்கும். டெல்லி இந்தியச் சட்ட நிறுவனத்துக்குத் தனி முறை உண்டு. ஆஸ்கோலாவில் சுருக்கெழுத்துகளுக்கு நடுவே புள்ளி வராது. ஆண்டைக் கொண்டுதான் தொகுதியைத் தேட முடியும் என்றால் சதுர அடைப்பு, தொகுதிக்குத் தனி எண் இருந்தால் வட்ட அடைப்பு. ஒரே கட்டுரையில் இரண்டு முறையும் கலந்திருப்பதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் பிழை. பழைய கட்டுரையில் இருந்து அடிக்குறிப்பை வெட்டி ஒட்டினார் என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று. 'மேலே 12-ஆம் குறிப்பைப் பார்க்க' என்பதில் 12 என்ற எண்ணைக் கையால் தட்டாதீர்கள். நடுவில் ஒரு அடிக்குறிப்பு சேர்ந்தால் அது 13 ஆகிவிடும், நீங்கள் தட்டியது 12 என்றே நிற்கும். வேர்டில் ரெஃபரன்சஸ் பட்டியில் கிராஸ்-ரெஃபரன்ஸ் போய், ஃபுட்நோட்டைத் தேர்ந்து செருகுங்கள். கடைசியில் ஏதாவது ஒரு அடிக்குறிப்புக்குள் கர்சரை வைத்து, கன்ட்ரோல்-ஏ, பிறகு எஃப்9. மேலே கட்டுரையின் உடலில் வைத்து அழுத்தினால் அடிக்குறிப்புப் பகுதி புதுப்பிக்கப்படாது. 'அழுத்தினேனே, மாறவில்லையே' என்பவர்கள் எல்லாரும் அங்கேதான் அழுத்தியிருப்பார்கள்.

ஆராய்ச்சி மாணவர், சேலம்: 2023-இல் எழுதிய குற்றவியல் கட்டுரை கையில் இருக்கிறது. பிரிவு எண்களை மட்டும் புதுச் சட்டத்துக்கு மாற்றி அனுப்பலாமா?

'ஃபைண்ட் அண்டு ரிப்ளேஸ்' போட்டு மாற்றினால் மானம் போகும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 482 என்றால் முன்ஜாமீன். உள்ளார்ந்த அதிகாரம் 528-க்குப் போய்விட்டது. முன்ஜாமீன் பழையதில் 438. முதலில் 438-ஐ 482 ஆக்கி, அடுத்து 482-ஐ 528 ஆக்கினால், கட்டுரையில் முன்ஜாமீனே இருக்காது.

எண் மாறியது மட்டுமல்ல, வாசகமும் பல இடங்களில் மாறியிருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் ராஜத்துரோகப் பிரிவான 124-ஏ-யையும், அந்தச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 152-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பழைய தீர்ப்புகள் புதிய சொற்களுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதே தனிக் கட்டுரைக்கான கேள்வி. 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான். அதைப் பற்றிய தீர்ப்பை மேற்கோள் காட்டும்போது பழைய எண்ணையே வைத்து, இணையான புதிய பிரிவை அடிக்குறிப்பில் சொல்லுங்கள். 'இந்தக் கட்டுரை இன்ன தேதி வரையிலான சட்டத்தைக் கூறுகிறது' என்று முதல் அடிக்குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

விரிவுரையாளர், வேலூர்: கருத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருள், என் கட்டுரையில் ஒப்புமை 23 சதவீதம் என்று காட்டுகிறது. பத்துக்கு மேல் போனால் குற்றம் என்கிறார்களே?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளில் 10 சதவீதம் வரை நடவடிக்கை இல்லை. 10 முதல் 40 வரை முதல் நிலை, 40 முதல் 60 வரை இரண்டாம் நிலை, அதற்கு மேல் மூன்றாம் நிலை. ஆனால் கணக்கில் எதைச் சேர்க்கக் கூடாது என்றும் அதே விதிமுறை சொல்கிறது. மூலம் குறிப்பிட்ட மேற்கோள்கள், நூற்பட்டியல், பொதுவான கலைச்சொற்கள், சட்ட வாசகங்கள் இவை விலக்கு. தற்செயலாக ஒத்துப்போகும் 14 தொடர் சொற்கள் வரையும் விலக்கு. சட்டக் கட்டுரையில் பிரிவுகளின் வாசகமும் தீர்ப்பின் பத்தியும் இருப்பதால் வெறும் எண் எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும்.

அதனால் சதவீதத்தைப் பார்க்காமல் அறிக்கையைத் திறந்து வண்ணம் பூசிய இடங்களைப் பாருங்கள். மேற்கோள் குறிக்குள் இருக்கும் 19 சதவீதம் பிரச்சினையே இல்லை. வேறொருவர் கட்டுரையில் இருந்து குறியின்றி வந்த ஒரே ஒரு பத்தி, அறிக்கையில் 2 சதவீதமாகத்தான் தெரியும். உங்களை வீழ்த்துவது அதுதான். சொற்களை மாற்றிப்போட்டுக் கருத்தை எடுத்திருந்தாலும் மூலத்தைச் சொல்லத்தான் வேண்டும். அதை எந்த மென்பொருளும் பிடிக்காது, அந்த மூலத்தை எழுதியவரே மதிப்பீட்டாளராக வந்தால் பிடிப்பார். உங்கள் பழைய கட்டுரையில் இருந்து நீங்களே எடுத்தாலும் அதே கதைதான்.

வாசகி, நாகர்கோவில்: ஐ.எஸ்.எஸ்.என். எண் உள்ள இதழ், மூன்று நாளில் ஏற்பு, சான்றிதழோடு 1,800 ரூபாய் என்று மின்னஞ்சல் வந்தது. அனுப்பலாமா?

வேண்டாம்.

ஐ.எஸ்.எஸ்.என். என்பது தொடர் வெளியீட்டுக்குத் தரப்படும் எட்டு இலக்க அடையாள எண், அவ்வளவே. கோயில் திருவிழா மலர் ஆண்டுதோறும் வந்தால் அதுவும் வாங்கலாம். தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மானியக் குழு ஏற்ற இதழ்களின் பட்டியலான யு.ஜி.சி. கேரில் இருக்கிறோம் என்று இன்னும் சிலர் விளம்பரம் செய்கிறார்கள்; அந்தப் பட்டியலையே 2025 பிப்ரவரியில் மானியக் குழு கைவிட்டுவிட்டது, இனி தரத்தைக் கல்வி நிறுவனங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

நீங்களே பார்க்கலாம். ஆசிரியர் குழுவில் உள்ளவர்கள் தங்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்த இதழைக் குறிப்பிடுகிறார்களா? பழைய இதழ்கள் முழுவதும் கிடைக்கின்றனவா, இடையில் இதழ்கள் காணாமல் போயிருக்கின்றனவா? ஒரே இதழில் 90 கட்டுரைகளா? சட்டம், மேலாண்மை, மருந்தியல் எல்லாம் ஒரே அட்டைக்குள்ளா? மூன்று நாளில் இரண்டு மதிப்பீட்டாளர்கள் ஒரு கட்டுரையைப் படித்துக் கருத்து எழுதுவது நடக்காத காரியம். நல்ல சட்டப் பள்ளிகள் நடத்தும் இதழ்கள் பொதுவாக எழுத்தாளரிடம் காசு கேட்பதில்லை.

மாணவர், சென்னை: ஒரே கட்டுரையை நான்கு இதழ்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பலாமா?

அமெரிக்காவில் மாணவர்கள் நடத்தும் லா ரிவ்யூக்களில் அதுதான் வழக்கம். பிப்ரவரி, ஆகஸ்ட் பருவங்களில் ஸ்காலஸ்டிகா போன்ற தளம் வழியாகப் பல இதழ்களுக்கு ஒன்றாக அனுப்புவார்கள். ஓரிடம் ஏற்றால் அதைக் காட்டி, இன்னும் பெரிய இதழிடம் 'சீக்கிரம் பார்த்துச் சொல்லுங்கள்' என்று கேட்பார்கள். இதைப் படித்துவிட்டு இங்கே அப்படியே செய்து மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. துறை அறிஞர்களிடம் கொடுத்து மதிப்பிடும் பியர் ரிவ்யூ இதழ்கள் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஓரிடம்தான் என்று உறுதிமொழி வாங்குகின்றன. நம் நாட்டு மாணவர் இதழ்களில் சில அனுமதிக்கும். அப்போதும் அனுப்பும் மடலிலேயே சொல்லிவிட வேண்டும், ஓரிடத்தில் ஏற்றதும் மற்றவற்றுக்கு அன்றைக்கே எழுதித் திரும்பப் பெற வேண்டும். சட்டப் படிப்பு வட்டாரம் சின்னது. ஒரே மதிப்பீட்டாளருக்கு ஒரே கட்டுரை இரண்டு இதழ்களிடமிருந்து போவது நடக்கிற விஷயம்தான்.

வாசகர், தஞ்சாவூர்: 'எழுத்தாளர் அடையாளம் தெரியக் கூடாது' என்கிறார்கள். பெயரை எடுத்துவிட்டால் போதாதா?

போதாது. வேர்டில் ஃபைல், இன்ஃபோ, இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் போய்ப் பெயரையும் கருத்துக் குறிப்புகளையும் மாற்றத் தடங்களையும் நீக்குங்கள். பி.டி.எஃப். ஆக்கிய பிறகும் ப்ராப்பர்டீஸில் பெயர் இருக்கிறதா பாருங்கள். கோப்பின் பெயரே உங்கள் பெயராக இருந்தால் இதெல்லாம் வீண். 'என் முந்தைய கட்டுரையில் நான் காட்டியபடி' என்பதைப் படர்க்கையில் மாற்றுங்கள். நன்றியுரை, கல்லூரி பெயர், மின்னஞ்சல் எல்லாம் தனிக் கோப்பில் போகட்டும்.

வழக்கறிஞர், திண்டுக்கல்: நான் ஆஜரான போக்சோ வழக்கின் தீர்ப்பைப் பற்றி எழுத ஆசை. தடை உண்டா?

எழுதலாம், நான்கு வேலிகளுக்குள். முதல் அடிக்குறிப்பில் இன்ன தரப்புக்கு ஆஜரானேன் என்று சொல்லிவிடுங்கள். மறைத்துப் பிறகு தெரிந்தால் கட்டுரையையே திரும்பப் பெறுவார்கள். கட்சிக்காரர் உங்களிடம் சொன்னது எதுவும் அவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வரக் கூடாது. சாக்ஷிய அதினியத்தின் 132-ஆம் பிரிவு அதைத்தான் காக்கிறது. பதிவில் உள்ளதை மட்டும் எழுதுங்கள். முடிந்த வழக்கின் தீர்ப்பை அதன் தகுதியில் நியாயமாக விமர்சிப்பது அவமதிப்பு அல்ல என்று 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவே சொல்கிறது. மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் அது முடியும்வரை பொறுங்கள்.

நான்காவதுதான் முக்கியம். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளம். நிபுண் சக்சேனா வழக்கில், (2019) 2 எஸ்.சி.சி. 703, பெயர் மட்டுமல்ல, அடையாளம் காண உதவும் எந்தத் தகவலும் வரக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கும் நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவும் இருக்கிறது. ஆகவே பள்ளியின் பெயர், ஊர், தந்தையின் தொழில் மூன்றையும் சேர்த்துப் போட்டு, 'பெயரைத்தான் சொல்லவில்லையே' என்று வாதாட முடியாது. சில பழைய தொகுப்புகளில் வழக்கின் தலைப்பிலேயே பெயர் அச்சாகியிருக்கும். அப்போதும் உங்கள் கட்டுரையில் முதலெழுத்து மட்டும் போட்டு, ஏன் என்று ஒரு அடிக்குறிப்பு எழுதுங்கள்.

மாணவி, ஈரோடு: தமிழ் வழியில் படித்தவள். ஆங்கிலத்தைச் சரிசெய்ய ஏ.ஐ. கருவியைப் பயன்படுத்தலாமா?

மொழியைத் திருத்தப் பல இதழ்கள் அனுமதிக்கின்றன; எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று சொல்லச் சொல்கின்றன. எழுத்தாளர் பெயராக அதைப் போட முடியாது. மேற்கோளுக்கும் சைட்டேஷனுக்கும் அதன் பக்கமே போகாதீர்கள். 2023-இல் நியூயார்க்கில் மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கில், கருவி தந்த இல்லாத தீர்ப்புகளை மனுவில் போட்ட வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அந்தத் தீர்ப்புகளுக்குப் பெயர், தொகுதி எண், பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருந்தன, தீர்ப்புதான் இல்லை. மொழி திருத்தும்போதும் பாருங்கள்: 'செய்யலாம்' என்பதை 'செய்ய வேண்டும்' ஆக்கிவிட்டால் உங்கள் வாதம் தலைகீழ். நீங்கள் எழுதியதையும் திருத்தியதையும் ஒப்பிட்டு, சட்ட வினைச்சொற்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

தமிழில் யோசித்து எழுதும் குட்டையான ஆங்கில வாக்கியங்கள் நன்றாகவே இருக்கும். நீள வாக்கியம்தான் அறிவு என்று யாரோ சொல்லிக் கெடுத்துவிட்டார்கள்.

வாசகர், புதுச்சேரி: ஒரு மதிப்பீட்டாளர் ஒப்பீட்டுச் சட்டப் பகுதியை விரிவாக்கச் சொல்கிறார், இன்னொருவர் அதையே நீக்கச் சொல்கிறார். என்ன செய்ய?

இரண்டு பேரும் அந்தப் பகுதியில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் அது வாதத்தோடு ஒட்டாமல் தொங்கிக்கொண்டிருக்கும். எந்த நாட்டுச் சட்டம் உங்கள் வாதத்தில் ஒரு படியைத் தாங்குகிறதோ அதை மட்டும் வைத்து, ஏன் அந்த நாடு என்று இரண்டு வரி எழுதுங்கள். திருத்தியதோடு ஓர் அட்டவணை அனுப்புங்கள்: ஒரு நெடுவரிசையில் மதிப்பீட்டாளர் சொன்னது வார்த்தை மாறாமல், அடுத்ததில் நீங்கள் செய்தது, மூன்றாவதில் பக்க எண். ஏற்காததையும் எழுதி, காரணம் சொல்லுங்கள். மறுப்பதில் தவறில்லை, பதில் சொல்லாமல் தாண்டுவதுதான் தவறு.

உதவிப் பேராசிரியர், திருவாரூர்: கட்டுரையை ஏற்றுக்கொண்டு பதிப்புரிமை ஒப்படைப்புப் படிவம் அனுப்பியிருக்கிறார்கள். எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது?

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவை வைத்துக்கொண்டு படிவத்தைப் படியுங்கள். ஒப்படைப்பு எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை ஆண்டு என்று சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு. எந்த நிலப்பரப்பு என்று சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிக்கொண்டு ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதப்படாதவரை, அது கழன்றுவிடும். 'முழுக் காலத்துக்கும் உலகம் முழுவதும்' என்று இருந்தால் பின்னால் உங்கள் புத்தகத்தில் அதை ஓர் அத்தியாயமாகச் சேர்க்க அவர்களிடம் போய் நிற்க வேண்டும். அந்த அனுமதியையும், கல்லூரிக் களஞ்சியத்தில் கட்டுரையை வைக்கும் அனுமதியையும் இப்போதே படிவத்தில் எழுதி வாங்குங்கள். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். முதலில், பதிப்புரிமையை ஒப்படைக்காமல் வெளியிடும் உரிமத்தோடு நிறுத்திக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பார்ப்பதும் நல்லது.

வாசகர், கும்பகோணம்: என் கட்டுரை நில உரிமை பற்றியது. அரசாணைகளும் பழைய அடங்கல் பதிவுகளும் தமிழில்தான். ஆங்கில இதழில் எப்படிக் காட்டுவது?

ஆவணத்தின் தலைப்பை ஒலிபெயர்த்து, பக்கத்தில் பொருளைத் தந்து, எண், தேதி, துறை, எந்த அலுவலகத்தில் பார்த்தது என்று எழுதுங்கள். ஒலிபெயர்ப்புக்கு ஒரே முறையைக் கடைசிவரை பின்பற்றுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் முறை ஆய்வு உலகத்துக்குப் பழக்கமானது. மேற்கோள் காட்டும் வரியின் தமிழ் மூலத்தை அடிக்குறிப்பில் முழுதாகக் கொடுத்து, மொழிபெயர்ப்பு உங்களுடையது என்று சொல்லுங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் தமிழாக்கம் இப்போது கிடைக்கிறது. அது படித்துப் புரிந்துகொள்ள. மேற்கோளுக்கு ஆங்கில மூலம்தான், ஏனென்றால் அரசமைப்பின் 348-ஆம் உறுப்புப்படி அந்த நீதிமன்றத்தின் மொழி அதுதான்.

வருவாய்த் துறைச் சொற்களை மொழிபெயர்க்கப் போய்ச் சிக்கிக்கொள்ளாதீர்கள். பட்டா, அடங்கல், புறம்போக்கு, நத்தம் எல்லாம் அப்படியே வரட்டும். முதல் தடவை வரும்போது மட்டும் அடிக்குறிப்பில் விளக்குங்கள். கிராம நத்தத்தை 'அரசு நிலம்' என்று ஆங்கிலத்தில் பெயர்த்தால் கதை முடிந்தது. நத்தம் என்பது குடியிருப்புக்கு ஒதுக்கிய இடம், அது அரசுக்குச் சொந்தமா இல்லையா என்பதுதான் நீங்கள் எழுதப்போகும் கேள்வியே.